சித்தி எழுதியதும் நான் வாசித்ததும்

என் வயதுக்காரர்களே, உங்களை ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு முதன்முதலாக வாசிக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? சைக்கிள் ஓட்டக் கற்ற நாளைக் கேட்டால் முழங்கால் தழும்பைக் காட்டிச் சொல்வீர்கள். வாசிப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் "அது பாட்டுக்கு வந்தது" என்கிறீர்கள். எனக்கு அது பாட்டுக்கு வரவில்லை. அதனால் நினைவிருக்கிறது.

இப்போது நான் இருப்பது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்யாணமாகி வந்த ஊர். இங்குள்ள தொடக்கப் பள்ளியில் வாரம் மூன்று நாள், மணியடித்த பிறகு, வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். என்னைப் போல நாலைந்து பேர் வருகிறோம். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். போன மாதம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். ஆசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி. "இவ நல்லாப் படிக்கிறாளுங்கம்மா, இனி சாயங்காலம் வர வேண்டியதில்லீங்க" என்றார். நான் அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன கண்ணு என்று கேட்டேன். அவள் என் விரலைப் பார்க்கவில்லை. மேலே இருந்த ஆட்டுக்குட்டிப் படத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று ஆசிரியை பிறகு கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சிரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒட்டி ஒட்டிப் பத்து வீடுகள் கொண்ட லயத்தில் எங்களுடையது நாலாவது. அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. லயத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வீட்டுக்கு வீடு இருந்த குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். பக்கத்து வீட்டில் என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்த அக்கா ஒருத்தி இருந்தாள். தினமும் விளக்கு வைத்ததும் அவள் பாடத்தை உரக்க வாசிப்பாள். அது சுவருக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் வந்து விழும். நான் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது மூன்றாம் வகுப்புப் புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம். குளத்துப் படம் வந்தால் இன்ன பாடம், வண்டிமாட்டுப் படம் வந்தால் இன்ன பாடம். எந்த இடத்தில் பக்கம் புரட்டுவாள் என்பதுகூட, அந்தத் தாளின் சத்தத்தை வைத்து, எனக்குத் தெரியும்.

ஏமாற்றுகிறோம் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். படத்தைப் பார்க்க வேண்டும், ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும், கண்ணை வரியின் மேல் ஓட்ட வேண்டும். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், சிலருக்கு ஞாபகசக்தி போதவில்லை, அவ்வளவுதான்.

பள்ளி ஒரே நீளக் கூடம், தகரக் கூரை. தமிழ் வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போய், அந்த இடத்துக்கு ஆள் வராமலே கிடந்தது. பெரிய சார் ஒருவரே நாலு வகுப்பையும் மேய்த்தார். ஆனி மாத மழை தகரத்தில் கொட்டும்போது அவர் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் என்னை எழுப்பி நிறுத்தி, "நீ வாசி, மத்தவங்க கேட்டுச் சொல்லட்டும்" என்பார். நான் வரி வரியாகச் சொல்ல, வகுப்பு முழுவதும் திரும்பச் சொல்லும். எழுத்துத் தெரியாத ஒருத்தியின் பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

அந்த மழையில்தான் கம்பவுண்டரின் மனைவி பள்ளிக்கு வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் கம்பவுண்டர்; இருவரும் கீழ்நாட்டு மலையாளிகள். அந்த அம்மா பத்தாம் வகுப்புத் தேறியவர், வீட்டில் சும்மா இருப்பவர் என்று கேள்விப்பட்டு, பெரிய சார் போய்க் கேட்டிருக்கிறார்: வாசிக்க வராத பிள்ளைகளைத் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. நாங்கள் அவரைச் சேச்சி என்று கூப்பிட்டோம். சேச்சிக்குத் தமிழ் எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும். ஒரு பழைய அரிச்சுவடியை வைத்துக்கொண்டு அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தார்.

யாருக்கு வாசிக்க வரவில்லை என்று பார்க்க, முதல் நாள் எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிப் பின்னறைக்குக் கூப்பிட்டார். டிங்சர் வாசனையும் ஈர அட்டைப்பெட்டி வாசனையும் கலந்த அறை. வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள் என்பதால் நான் நிமிர்ந்துகொண்டு போனேன். புத்தகத்தைத் திறந்ததும் ஆரம்பித்தேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த ஓர் அட்டையை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். வேறொரு பக்கம் புரட்டினார். அங்கேயும் படத்தை மூடினார்.

"மோளே, இப்ப வாயிக்கு." வாசி என்கிறார்.

எனக்கு அந்த நிமிஷம் இன்னும் தெளிவாக இருக்கிறது. படம் போனதும் அந்தப் பக்கத்தில் எதுவுமே இல்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி கறுப்புக் கோடுகள்தான். முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது: மற்றவர்கள் இந்தக் கோடுகளிலிருந்தா எடுக்கிறார்கள்? அதில் ஏதாவது இருக்கிறதா? அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது.

பிறகு அழுதேன். "யார்ட்டயும் சொல்லாதீங்க சேச்சி. எங்கம்மாட்ட சொல்லாதீங்க."

சேச்சி படத்தின் மேலிருந்த அட்டையை எடுத்தார். "சரி. நீ நாளை முதல் வரணும். யாராவது கேட்டா நான் பறயாம், நீ எனக்குத் தமிழ் படிப்பிக்கான் வருதுன்னு."

இரக்கப்பட்டுச் சொன்ன பொய். மறுநாளே லயம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கம்பவுண்டர் வீட்டம்மாவுக்கே தமிழ் சொல்லிக்கொடுக்கிறது! அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தவள், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவள் விரல்களில் தேயிலைக் கறை பச்சையாக வாசம் வீசியது.

அந்தப் பொய்யில் பாதி உண்மையும் இருந்தது. சேச்சிக்கு எழுத்தைக் கூட்டத் தெரியும், சொல் தெரியாது. எனக்குச் சொல் தெரியும், கூட்டத் தெரியாது. அவர் விரலை வைத்து "ப... க... ல்" என்பார். மலையாளத்துக்காரர் என்பதால் அந்தக் 'க'வை அழுத்தி, காக்காயில் வருகிற மாதிரி சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும். "அது பகல் சேச்சி!" என்பேன். "ஓ, பகல்! அப்போ இந்த எழுத்து ரெண்டு சப்தம் போடுமா? எப்போ எது போடும்?" என்று என்னையே கேட்பார். எனக்கும் தெரியாது. வேறு சொற்களைத் தேடிப் பார்ப்போம். ஒற்றைக்கொம்பு என்னைப் பாடாய்ப் படுத்தியது. கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. "எங்கட மலையாளத்திலும் இந்தக் கள்ளன் முன்னாடி வந்து நிக்கும்" என்று சேச்சி சமாதானம் சொன்னார். அப்போது 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துத்தான் எழுதுவோம், ஞாபகம் இருக்கிறதா? அதை முதலில் அடையாளம் கண்டபோது அந்த எழுத்தைத் தேடியே அறையிலிருந்த மருந்துப் பெட்டிகளை எல்லாம் புரட்டினேன்.

அங்கே ஏழு பேர் இருந்தோம். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் அவர் பக்கத்தில் இடம். மற்ற நேரத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் வாசிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் திருத்த மாட்டார், காத்திருப்பார். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு எனாமல் குவளை வைத்திருந்தது. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்கும். பத்து, பன்னிரண்டு சொட்டு விழுந்த பிறகுகூட அவர் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கே தெரியாத சொல் என்றால் கூச்சமே இல்லாமல் "எனக்கு அறியில்ல" என்று சொல்லி, ஒரு தாளில் குறித்துக்கொள்வார். பெரியவர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆடி பிறந்த சமயம் அம்மாவுக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவள் தங்கை, என் சித்தி, போட்டது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்துத் தெரியாது. லயத்துக்கு வரும் கடிதங்களை எல்லாம் மளிகைக் கடைக்காரர்தான் வாசிப்பார், கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. அம்மாவுக்கு அது பிடிக்காது. இந்த முறை அவள் கடைப்பக்கம் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் கையில் கொடுத்தாள்.

"ஏட்டி, நீதான் பெரிய வாத்திச்சியாச்சே. சித்தி என்ன எழுதியிருக்கா, வாசிச்சுச் சொல்லு."

நான் சேச்சியிடம் போக ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. விரித்துப் பார்த்தேன். கூட்ட முடிந்தது 'அக்கா' என்ற ஒரு சொல். மீதியெல்லாம் கோடு. அம்மா அடுப்படியில் சப்பணமிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் வாசித்த கடிதங்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்புள்ள அக்காவுக்கு என்று தொடங்கினேன். இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல். மழை நன்றாகப் பெய்தது. மாடு கன்று போட்டது. மகளை நன்றாகப் படிக்கச் சொல்லவும். அந்தக் கடைசி வரியில் எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மா முகம் கொஞ்சம் சுருங்கியது. "அவ உடம்பப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"நல்லா இருக்காளாம்."

"இவ்வளவுதானா? நெறய எழுதியிருக்க மாதிரி இருக்கு."

"எழுத்துப் பெருசு பெருசா எழுதியிருக்காம்மா."

அம்மா கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான். நான் அதை மறந்தும் விட்டேன்.

எந்த நாளில் எனக்கு வாசிப்பு வந்தது என்று கேட்டால், ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை என்று சொல்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கும் வழியில் ஒரு ஜீப் சேற்றில் சிக்கி நின்றது. அதன் பின்பக்கம் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. நான் வாசிக்க நினைக்கவில்லை, சும்மா பார்த்தேன். "பின்னால் வா, மெதுவாக வா" என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அந்தக் கோடுகள்தான் பேசியிருக்கின்றன! மழையில் நின்று அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னது. காலில் அட்டை ஏறி ரத்தம் வழிந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் பேசத் தொடங்கியது. ஓண லீவு வந்தது, பள்ளி பத்து நாள் மூடியது. வீட்டில் வாசிக்க ஒன்றும் இல்லை. தீப்பெட்டி, சோப்புத் தாள், காலண்டர் எல்லாம் முடிந்துவிட்டன. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போன ஒரு காலையில் எனக்கு டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. சித்தி உண்மையில் என்னதான் எழுதியிருப்பாள்? ஆசையாகத்தான் போய் எடுத்தேன்.

சித்தி புள்ளி வைக்காமல் எழுதுகிறவள். பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பிடிபட்டது போதுமாக இருந்தது. 'ஆவணி', 'பிரசவம்', 'பயம்', 'நீ வா'. 'நீ வா' மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

கடிதத்தைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சேச்சி ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மருந்துப் பெட்டிமேல் கடிதத்தை விரித்து, வழக்கம்போல அவர் எழுத்தைக் கூட்ட, நான் சொல்லைப் பிடிக்க, வரி வரியாகப் போனோம். தலைப்பிரசவம். ஆவணி பாதியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். நம் அம்மா இருந்தால் உன்னைக் கூப்பிட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நீ வா. அன்றைக்கு ஆவணி இருபதோ இருபத்தொன்றோ.

"இது எப்போ வந்தது?"

சொன்னேன். நான் அம்மாவுக்கு 'வாசித்த'தையும் சொன்னேன். மாடு கன்று போட்டது வரைக்கும். சேச்சி கடிதத்தை மடித்துக்கொண்டார். பிறகு எழுந்து குடையை எடுத்தார்.

அம்மா மலையிலிருந்து வரும்வரை இருவரும் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றோம். அம்மா வந்ததும் சேச்சி கடிதத்தை நீட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்: "இது இவ வாசிச்ச மாதிரி இல்ல. இவளுக்கு அன்னைக்கு வாசிக்கத் தெரியாது. தெரியும்னு ஊரெல்லாம் சொன்னது நான். தப்பு என்னோடது." பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நீ வாசி" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்து. அத்தனை நீளமான கடிதத்தை நான் அதற்குப் பிறகு வாசித்ததே இல்லை. மூன்றாவது 'நீ வா'வில் அம்மா தலைத்துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய்த் துணியை எடுத்து மஞ்சள் பையில் திணித்தாள். கம்பவுண்டர் சொல்லி வைத்த ஜீப்பில் மறுநாள் விடியும்போதே குமுளிக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மலை இறங்கினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஒன்பது நாள். பெண் குழந்தை, நன்றாக இருந்தது. சித்திதான் ஜன்னி கண்டு பிழைத்திருந்தாள். சித்தி இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளாம், அக்காவிடம் பேசாமல். கடிதம் தாமதமாக வந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் செய்ததைச் சித்தி சாகும்வரை அம்மா அவளிடம் சொல்லவில்லை. இது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மா ஒரு மாதம் கழித்துத் திரும்பினாள். அதற்குள் இங்கே விஷயம் லயம் முழுக்கத் தெரிந்து வேறு மாதிரி ஆகியிருந்தது. தமிழ் தெரியாதவளிடம் தமிழ் படிக்க விட்டால் இப்படித்தான் ஆகும் என்று மளிகைக் கடைக்காரரும் வேறு இரண்டு பேரும் பெரிய சாரிடம் போய் நின்றார்கள். சாயங்கால வகுப்பை நிறுத்த வேண்டும் என்றார்கள். பெரிய சார் தயங்கினார். வேலை முடிந்து அந்த வழியாக வந்த அம்மாவை அவர்களே கூப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவள் அவள்தானே.

"நீயே சொல்லும்மா" என்றார் கடைக்காரர். "அந்தம்மா வந்துதான ஒம் பிள்ள கெட்டுது?"

அம்மா பெரிய சாரை நேராகப் பார்த்து அதற்கு முன் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"எம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியலங்கது யாருக்குத் தெரிஞ்சுது சார்? ரெண்டு வருசமா ஒங்க முன்னாலதான நின்னு வாசிச்சா? நான்தான் தற்குறி. நீங்கள்லாம் படிச்சவங்கதான? அந்தம்மா ஒரு நாள்ல கண்டுபிடிச்சிருக்காங்க. இன்னைக்கு எம் பிள்ள வாசிக்கா. நிறுத்துதுன்னா நிறுத்திக்கோங்க. எம் பிள்ள அவங்க வீட்டுக்குப் போய்ப் படிக்கும்."

பெரிய சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து, மழை இல்லாத நாட்களில், அவரும் ஆஸ்பத்திரிப் பின்னறைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தார். சேச்சியின் தாளில் குறித்து வைத்திருந்த சொற்களுக்கு அர்த்தம் சொன்னார். அந்த வருடம் முடிவதற்குள் ஏழு பேரில் ஆறு பேர் வாசித்தோம். ஏழாவது பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று சேச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். இன்றைக்கு யோசித்தால் அதற்குக் கண்ணில் கோளாறு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்போது எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. அடுத்த வருடம் கம்பவுண்டருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. சேச்சியின் பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே எனக்காக அப்படிப் பேசிய அம்மா, வீட்டில் என்னை நம்பவில்லை. அது எனக்குப் புரிய நாளாயிற்று. சித்தியிடமிருந்து கடிதம் வந்தால் என்னிடம் கொடுக்க மாட்டாள். சேச்சியிடம் கொண்டு போவாள். சேச்சி விரலை வைத்து, திக்கித் திக்கி வாசிப்பார். நான் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதைவிட வேகமாக வாசிக்க வரும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

தை மாதம். பனி பெய்து தேயிலை நுனியெல்லாம் கருகியிருந்த நேரம். கடிதம் வந்த அன்று சேச்சி ஊருக்குப் போயிருந்தார். அம்மா அதை அடுப்பு மேடையில் வைத்தாள். சோறு வடித்தாள். பாத்திரம் கழுவினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கடிதத்தை என் முன்னால் நீட்டினாள்.

நான் கூட்டிக் கூட்டி வாசித்தேன். குழந்தை குப்புற விழுகிறாள், யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறாள் என்று சித்தி எழுதியிருந்தாள். நாலாவது வரியில் ஒரு சொல் நின்றுவிட்டது. மூன்று தடவை கூட்டினேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அந்த இடத்தில் எதை வைத்தாலும் வரி சரியாக ஓடும் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"தெரியலையா?"

"தெரியல."

அம்மா இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ மத்ததெல்லாம் நெசந்தான்" என்றாள். "மேல வாசி."